தசைப்பிடிப்புக்காக ஜெபியுங்கள்

ஜூன் 2, திங்கள்

பந்துகளுக்குக் காற்றடித்தே காலை போய்விட்டது. பம்ப்பின் ஊசி ஒன்று உடைந்து பந்துக்குள்ளேயே விழுந்து, ஆட்டினால் கிலுகிலுப்பை மாதிரி சத்தம் போடுகிறது. சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடலாம், சந்தோஷப்படுவார்கள் என்றேன். என் மனைவி சிரிக்கவில்லை. பயிற்சிக் கூம்புகளை நிறம் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தாள்.

சொந்த ஊரை விட்டு இத்தனை தூரம் வந்து நாங்கள் செய்யும் ஊழியத்தில், கோடை வந்தால் மூச்சுவிட நேரம் இருக்காது. காலையில் பிள்ளைகளுக்குக் கால்பந்து முகாம், மாலையில் பெண்கள் அணிக்குப் பயிற்சி, சனிக்கிழமை லீக் ஆட்டம், ஞாயிறு ஆராதனை. இதற்கு நடுவில் ஊரிலிருந்து வாலிபர் குழு ஒன்று உதவிக்கு வருகிறது. உதவிக்கு வருகிறவர்களுக்குச் சமைத்துப்போட யார் உதவிக்கு வருவார்கள் என்று மனைவி கேட்டாள். நியாயமான கேள்விதான். ஜெபக்குறிப்பில் போட்டுவிடலாம் என்றேன். அதற்கும் சிரிக்கவில்லை.

ஜூன் 5, வியாழன்

பயிற்சி முடிந்ததும் தோளில் கைபோட்டு வட்டமாக நிற்பது எங்கள் வழக்கம். கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். விருப்பமுள்ளவர்கள் வாய்விட்டு ஜெபிக்கலாம், இல்லாதவர்கள் மூச்சு வாங்கலாம். ஆரம்பத்தில் எல்லோரும் மூச்சுதான் வாங்கினார்கள். இன்று நாலு பேர் ஜெபித்தார்கள். ஒருத்திக்குப் பரீட்சை, ஒருத்திக்கு மாமியார், ஒருத்திக்கு வேலை, நடு ஆட்டக்காரிக்குத் தன் பூனை. பூனைக்கும் சேர்த்து ஆமென் சொன்னேன்.

எங்கள் கோல்கீப்பருக்கு வீட்டுக்குள் நாங்கள் வைத்திருக்கும் பெயர் கம்பம். அத்தனை உயரம். பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுக்கும் பிரிவில் வேலை. என் மனைவியிடம்தான் ஒட்டுதல், என்னைக் கண்டால் விறைத்து நிற்பாள். இன்று அவள் ஜெபிக்கவில்லை. கண்ணையும் மூடவில்லை, என் மனைவியையே பார்த்துக்கொண்டு நின்றாள். மூடச் சொன்ன நானே திறந்து பார்த்ததால்தான் இது தெரிந்தது.

ஜூன் 10, செவ்வாய்

முதலில் என் மொழிப் புலமையைப் பற்றி. இந்த ஊர் மொழி எனக்கு வந்தது மைதானத்தில். இடது, வலது, விடாதே, பின்னால் ஆள். முழங்கால், குதிகால், சுளுக்கு. அதற்கு மேல் கொஞ்சம் வேதம். தபால் நிலையத்தில் நிறுத்தினால் ஊமை. வகுப்புக்குப் போய் முறையாகப் படித்தவள் என் மனைவிதான்.

இன்று அவள் பயிற்சிக்கு வரவில்லை, முதலுதவிப் பெட்டிக்கு மருந்து வாங்கப் போவதாகச் சொன்னாள். கடைசியில் வட்டத்தில் நின்றபோது கம்பம் முதன்முறையாக வாயைத் திறந்து ஜெபித்தாள். ஒரு சொல் விடாமல் எனக்குப் புரிந்துவிட்டது என்று எனக்கு ஒரே பெருமை. எங்கள் அக்காவின் உடம்பில் இருக்கும் முடிச்சை நீர் எடுத்துப்போடும் என்றாள். அணியில் எல்லோருக்கும் அக்கா என்றால் என் மனைவிதான். முடிச்சு என்றால் கெண்டைக்கால் சதை இறுகிக்கொள்வது, இங்கே வாரத்துக்கு இரண்டு பேருக்கு விழும். எல்லோரையும்விடச் சத்தமாக ஆமென் சொன்னேன். கண்ணைத் திறந்தால் அவள் தேம்பித் தேம்பி அழுகிறாள். ஒரு தசைப்பிடிப்புக்கு இத்தனை அழுகையா! என்ன பிரியமான பிள்ளை என்று நெகிழ்ந்துபோனேன்.

வரும் வழியிலேயே, நாலு சபைகள் சேர்ந்த ஊர் ஜெபக்குழுவுக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டேன். என் மனைவிக்குத் தசைப்பிடிப்பு, பாவம் என்னிடம்கூடச் சொல்லாமல் ஓடியாடுகிறாள், பாரத்தோடு ஜெபியுங்கள் என்று. வீட்டுக்கு வந்தபோது அவள் தூங்கிவிட்டிருந்தாள். வலிக்கு அடிக்கும் ஸ்பிரேயை அவள் தலைமாட்டில் வைத்தேன்.

ஜூன் 11, புதன்

எப்படி எழுதுவது.

காலையில் ஊரிலிருந்து என் அக்கா கூப்பிட்டாள். பெண்கள் ஐக்கியத்துக்கு அவள்தான் தலைவி. அவள் காதில் ஒரு ஜெபக்குறிப்பு விழுந்தால் மத்தியானத்துக்குள் எல்லாச் சமையலறைக்கும் போய்விடும். என் மனைவியிடம் நேரே கேட்டிருக்கிறாள், கால் எப்படி இருக்கிறது, வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாயா என்று. "சரிங்க அண்ணி, கொடுக்கிறேன்" என்று மட்டும் சொல்லி போனை வைத்துவிட்டு என்னிடம் வந்தாள். கையில் அந்த ஸ்பிரே.

"எனக்குக் கால்ல என்னங்க?"

முடிச்சு விழுந்திருப்பதாகக் கம்பம் ஜெபித்தாளே என்றேன். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். இந்த மொழியில் கட்டிக்கும் அதே சொல்தான் என்று ரொம்ப மெதுவாகச் சொன்னாள், பாடம் எடுக்கிற மாதிரி.

"கட்டிங்க. மார்புல. சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பியிருக்காங்க."

போன வாரம் இவள் ஸ்கேனுக்குப் போன இடத்தில் கம்பம்தான் டியூட்டியில் இருந்திருக்கிறாள். நேற்றும் இவள் மருந்து வாங்கப் போகவில்லை, சதை எடுக்க ஆஸ்பத்திரிக்குத்தான் போயிருக்கிறாள். நான் முதலில் கேட்டது, வலிக்கிறதா என்றுகூட இல்லை. என்னிடம் ஏன் சொல்லவில்லை என்றுதான்.

"உங்ககிட்ட சொன்னா அது ஜெபக்குறிப்பு ஆயிடுமே. கால் பிடிச்சிருக்குன்னு நீங்களா நினைச்சதையே நாலு சபைக்கும் சொல்லிட்டீங்க. இது கொஞ்ச நாளைக்கு என்னோடதா மட்டும் இருக்கட்டும்னு பார்த்தேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அவள் கோபப்படவில்லை.

என்ன மனுஷன் நான்? கட்டின பொண்டாட்டிக்கு இப்படின்னு கோல்கீப்பருக்குத் தெரியுது, எனக்குத் தெரியல. கண்ணை மூடிக்கிட்டு ஆமென் சொன்னேனே — எல்லாரையும்விட சத்தமா.

ஜூன் 12, வியாழன்

முகாமுக்குப் போனோம். பிள்ளைகள் அந்தக் கிலுகிலுப்பைப் பந்துக்குத்தான் அடித்துக்கொண்டார்கள். இவள் கோல் கம்பத்துக்கு வலை கட்டினாள், நான் பார்த்துக்கொண்டே நின்றேன். கை தூக்கும்போது வலிக்குமா? கேட்கத் தைரியம் வரவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

ஞாயிறு சாயங்காலம் ஊர்ச் சபையோடு போனில் பேசுவோம். முகத்தைக் காட்டி, அந்த வாரச் செய்தியைச் சொல்லி, ஜெபக்குறிப்பு கொடுக்க வேண்டும். பாஸ்டர் ஐயா முதலில் கேட்டதே, சிஸ்டருக்குக் கால் எப்படி இருக்கிறது என்றுதான். பின்னாலிருந்து யாரோ ஒரு தைலத்தின் பெயரைச் சொன்னார்கள். பரவாயில்லை ஐயா என்று முனகினேன். உண்மை தொண்டைவரை வந்தது. மேசைக்கடியில் இவள் என் காலை மிதித்தாள். அவளுடைய நல்ல காலால்தான், இரண்டும் நல்ல கால்தானே.

ஜூன் 20, வெள்ளி

வாலிபர் குழு வந்து இறங்கிவிட்டது. பெட்டிகள், கிட்டார், ஊறுகாய் பாட்டில், சத்தம். வந்ததும் வராததுமாக, "அக்கா கால் எங்கே" என்றார்கள். ஊரிலேயே உபவாசம் இருந்து ஜெபித்துவிட்டு வந்திருக்கிறார்கள். கூடத்தில் அவளை நாற்காலியில் உட்காரவைத்து எல்லோரும் தரையில் முழங்காலிட்டு அவள் கெண்டைக்காலில் கைவைத்துக் கதறினார்கள். எந்தக் கால் என்று குழுத் தலைவன் கேட்டான். அவள் ஒரு நொடி யோசித்து இடது காலை நீட்டினாள்.

நான் சுவரோடு சாய்ந்து நின்றேன். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவள் வலது கை மட்டும் துப்பட்டாவுக்குள் மார்பை அணைத்தபடி இருந்தது. அந்த அறையில் இருந்தவர்களில் எனக்கு மட்டும்தான் அது ஏன் என்று தெரியும். அய்யோ ஆண்டவரே.

ஜூன் 21, சனி

காலை முகாமில் அவள் பிள்ளைகளோடு ஓடினாள். குழுத் தலைவன் அதை வீடியோ எடுத்து, அற்புதம் நடந்தது என்று சாட்சியாகப் போட்டுவிட்டான். நாலு சபையும் அல்லேலூயா.

வாயைத் திறந்தது நான், இப்போது ஆண்டவர் பேரில் பொய் ஊரெல்லாம் சுற்றுகிறது. அவளைக் கேட்டுக்கொண்டு ஜெபக்குழுவுக்கு எழுதினேன்: நான்தான் மொழி புரியாமல் தப்பாகச் சொல்லிவிட்டேன், அவள் காலில் ஒன்றும் இல்லை, மன்னியுங்கள். உடனே அக்கா பதில் போட்டாள்: "ஆமென் தம்பி! ஆண்டவர் ஒன்றுமே இல்லாமல் ஆக்கிவிட்டார்!"

தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். இவள் என் போனை வாங்கிப் படித்தாள். பல வாரத்துக்குப் பிறகு முதன்முறையாகச் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வர. "விடுங்க. காலாவது சுகமாச்சே" என்றாள்.

ஜூன் 26, வியாழன்

ஆட்டம், ஆட்டம், சமையல், ஆட்டம். இன்னும் ரிசல்ட் வரவில்லை.

ஜூலை 1, செவ்வாய்

கெட்ட கட்டிதான்.

டாக்டர் அம்மாள் நிதானமாகச் சொன்னார். சின்னது, பரவவில்லை, எடுத்துவிட்டு மருந்து கொடுக்கலாம் என்றாராம். என்றாராம் என்று எழுதுகிறேன், ஏனென்றால் நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் எனக்கு எதுவும் விளங்கவில்லை. என்னிடம் இருந்தது மைதானத்துச் சொற்கள் மட்டும். இவள் ஒவ்வொன்றையும் கேட்டு, தலையாட்டி, பிறகு என் பக்கம் திரும்பித் தன் நோயை எனக்குத் தமிழில் சொன்னாள். அப்போதும் அவள்தான் என் கையைப் பிடித்திருந்தாள்.

வெளியே வந்ததும் என் கை தானாகப் பைக்குள் போனைத் தேடியது. எடுத்தும்விட்டேன். அதை அவளிடமே கொடுத்துவிட்டேன், நீயே வைத்துக்கொள் என்று.

ஜூலை 4, வெள்ளி

வாலிபர் குழு ஊருக்குப் புறப்பட்டது. போகும்போது இடது காலுக்கு இன்னொரு ஜெபம்.

ஜூலை 11, வெள்ளி

இன்று ஆபரேஷன். முகாமை நடு ஆட்டக்காரியிடம் ஒப்படைத்துவிட்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். பச்சைச் சுவர், தண்ணீர் மெஷின், ஒரு காலண்டர். ஜெபிக்கலாம் என்று கண்ணை மூடினேன். ஒரு வார்த்தை வரவில்லை. எத்தனை வருஷமாக மைக் பிடித்திருக்கிறேன், போன் பிடித்திருக்கிறேன். கேட்க ஆளில்லாமல் எனக்கு ஜெபிக்க வரவில்லை! இதை அறிந்தபோது எனக்கு விழுந்த அடி, டாக்டர் சொன்னதைவிடக் கொஞ்சமும் குறைவில்லை.

கம்பம் வேலை உடுப்பில் வந்தாள். என் முகத்தைப் பார்க்காமல், உங்களுக்குத் தெரியும் என்றே நினைத்தேன் கோச், மன்னிக்க வேண்டும் என்றாள். தெரிந்திருக்க வேண்டியவன்தான் என்றேன். அந்த வாக்கியத்தை இந்த மொழியில் சரியாகச் சொன்னேனா தெரியாது. அவள் பக்கத்தில் உட்கார்ந்து, வட்டத்தில் செய்கிற மாதிரி என் தோளில் கைபோட்டாள். இரண்டு பேரும் கண்ணை மூடிக்கொண்டோம். யாரும் வாய் திறக்கவில்லை. அவளை டியூட்டிக்குக் கூப்பிடும்வரை அப்படியே இருந்தோம்.

முழுவதும் எடுத்துவிட்டார்களாம். மயக்கம் தெளிந்ததும் இவள் கேட்ட முதல் கேள்வி, வலைகளைக் கழற்றி உள்ளே வைத்தார்களா, மழை வருமே என்று.

ஜூலை 19, சனி

லீக் கடைசி ஆட்டம், தோற்றோம். இவள் கையைக் கழுத்தில் கட்டிய துணித் தொட்டிலில் போட்டுக்கொண்டு கோட்டோரம் நாற்காலியில் உட்கார்ந்து, நடுவரைத் திட்டினாள். ஊழியக்காரன் மனைவி பேசும் பேச்சா என்று நான் கேட்கவில்லை.

ஜூலை 27, ஞாயிறு

ஊர்ச் சபையோடு பேசும் நாள். இரண்டு ஞாயிறு சாக்குச் சொல்லிவிட்டேன், இன்று முடியவில்லை. முழுச் சபையும் திரையில் இருந்தது, அக்கா முன்வரிசையில். பாஸ்டர் ஐயா வழக்கம்போல், "ஜெபக்குறிப்பு ஏதாவது உண்டா தம்பி?" என்றார்.

என் வாய் எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டேன். "மைதானத்துல புல்லெல்லாம் கருகுது ஐயா. மழைக்காக ஜெபிச்சுக்கோங்க" என்றேன். வேறு எதுவும் இல்லையா என்று கேட்டார். இல்லை ஐயா என்றேன். இத்தனை வருஷத்தில் என் ஜெபக்குறிப்பு ஒரு நிமிஷத்துக்குள் முடிந்தது இதுதான் முதல் தடவை. அங்கே ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், லைன் கட்டாகிவிட்டதோ என்று.

அப்போது இவள் என் கையிலிருந்து போனை வாங்கினாள். நான் கேட்கவில்லை, சத்தியமாக ஜாடைகூடக் காட்டவில்லை. முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, அணியின் பெயர்ப்பட்டியல் வாசிக்கிற குரலில் சொன்னாள்:

"எனக்கு மார்புல கேன்சர் கட்டி இருந்துச்சு. எடுத்தாச்சு. அடுத்த வாரம் மருந்து ஆரம்பிக்குது. ஜெபிச்சுக்கோங்க. காலுக்கு வேண்டாம், கால் நல்லாத்தான் இருக்கு."

அக்கா வாயில் புடவைத் தலைப்பை வைத்துக்கொண்டாள். வாழ்க்கையில் முதன்முறையாக அவளுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. பாஸ்டர் ஐயா ஜெபிக்க ஆரம்பித்தார். நான் தலையைக் குனிந்து, ஆமென் சொல்ல வேண்டிய இடத்தில் மெதுவாகச் சொன்னேன், பக்கத்தில் இருப்பவளுக்கு மட்டும் கேட்கிற அளவுக்கு.

போனை வைத்த பிறகு அவள் கன்னத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"நீங்க சொல்லியிருந்தா அரை மணி நேரம் ஆகியிருக்கும்" என்றாள்.