கடைசியாகப் பலகை மாட்டியவள்

மே 6, 1968, திங்கள்
ஐந்தாம் வகுப்புக்கு இன்றும் ஸ்பானிஷ் வினைச்சொற்கள். அசைக்கு ஒரு கைதட்டல், அழுத்தம் விழும் அசையில் ஒரு மிதி. கான்-தோ. முதலில் மிதித்தால் ‘நான் பாடுகிறேன்’, பின்னால் மிதித்தால் ‘அவன் பாடினான்’. வீட்டில் மலைமொழியான கெச்சுவா பேசும் மலைப்பிள்ளைகள் எல்லாவற்றையும் முதலிலேயே மிதிக்கிறார்கள். மண்டையா, களிமண்ணா?

மே 8
ஒரு பலகை செய்தேன். ‘நான் மலைக்கழுதை.’ தப்பாகச் சொன்னவர் கழுத்தில் தொங்கும். இன்னொருவர் தப்பைப் பிடித்தால் அவருக்கு மாட்டிவிடலாம். கடைசி மணி அடிக்கும்போது யாரிடம் இருக்கிறதோ அவர் கழிவறை கழுவ வேண்டும்.

மே 15
நன்றாக வேலை செய்கிறது. ஒருவர் வாயை ஒருவர் பார்த்துக்கொண்டே திரிகிறார்கள். பௌலினா மட்டும் பயந்துபோய் வாயே திறப்பதில்லை. அதுவும் தப்புதான் என்று அவளுக்கே மாட்டினேன்.

மே 17
திங்கட்கிழமை பள்ளி இன்ஸ்பெக்டர் வருகிறார். அவர் நல்லபடி எழுதினால் தலைநகர் லிமாவுக்கு மாற்றல். நானும் மலைக்காரி என்று இங்கே யாருக்கும் தெரியாது. தெரியவும் கூடாது.

மே 20
காலையில் இன்ஸ்பெக்டர் வந்தார்.

பிள்ளைகள் ஒரே தாளத்தில் தட்டி மிதித்தார்கள். இன்ஸ்பெக்டர் தலையாட்டினார். அப்போது வாசலில் — என் அம்மா. முதுகில் உருளைக்கிழங்கு மூட்டை. இன்றைக்குத்தானா வர வேண்டும்? தெரிந்த நாலு ஸ்பானிஷ் வார்த்தைகளில் ஒன்றை எடுத்து ‘யெ-கே’, வந்துசேர்ந்தேன், என்றாள். பின்னால் விழ வேண்டிய அழுத்தம் முதல் அசையில். வகுப்பே சிரித்தது.

பௌலினா ஓடிப்போய்த் தன் பலகையை அவள் கழுத்தில் மாட்டினாள். “தப்பும்மா. இனிமே இது உங்களுக்கு.” படிக்கத் தெரியாத அம்மா, ஏதோ மரியாதை செய்கிறார்கள் என்று குனிந்து கழுத்தைக் கொடுத்தாள். சிரித்தாள்.

“யாரு டீச்சர் இது?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“எங்க வீட்டு வேலைக்காரி சார்.”

ஸ்பானிஷில்தான் சொன்னேன். அவளுக்குப் புரிந்திருக்காது.

புரியாதா? என்னைப் படிக்கவைக்க ஒன்பது வருடம் பிறர் வீட்டில் பாத்திரம் தேய்த்தாளே. அந்த வார்த்தையால்தானே அவளைக் கூப்பிட்டார்கள்.

இன்ஸ்பெக்டரோடு சாப்பிட்டுவிட்டு மாலையில் என் அறைக்குத் திரும்பினேன். மூலையில் மூட்டை மட்டும் இருந்தது. அம்மா இல்லை.

மே 21
கழிவறை பளிச்சென்று இருந்தது. யார் கழுவியது என்று பௌலினாவிடம் கேட்டேன்.

“அந்த அம்மாதான் டீச்சர். பலகை போட்டவங்க என்ன செய்யணும்னு கேட்டாங்க, சொன்னோம். ‘நீங்க கழுவ வேணாம்’னு நாங்க சொன்னோம், கேக்கல. வேலைக்காரிதானே, இருக்கட்டும்னு கெச்சுவாவுல சொல்லிட்டுக் கழுவுனாங்க.”

ஜூன் 14
லிமா உத்தரவு வந்தது. பெட்டி கட்டிவிட்டேன். மூலையில் அம்மா வைத்துப்போன மூட்டை அப்படியே இருக்கிறது. கிழங்கெல்லாம் முளைவிட்டிருக்கிறது.