வத்தக்குழம்புக்கு ஏற்ற பல்பு

இந்துஜாவின் வளைகாப்புக்கு பெஹாலா கிளம்புகிறேன். ஏழு மணிக்குள் வந்துவிடுவேன். போன தடவை மாதிரி சாவியைப் பூட்டின் உள்பக்கம் விட்டுவிடாதீர்கள், நான் வாசலில் நிற்கும்படி ஆகிவிடும்.

நேற்று டிபன் பாக்ஸ் அப்படியே திரும்பி வந்ததும் எனக்குச் சுருக்கென்றது. முந்தின நாள், "இந்த வெள்ளை பல்புல என் வத்தக்குழம்பு சாக்கடைத் தண்ணி மாதிரி தெரியுது"ன்னு கத்தினேனே, அந்தக் கோபத்தைச் சாப்பாட்டில் காட்டுகிறீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் ஸ்டூல் போட்டுப் புது பல்பை மாட்டியபோதுகூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

இன்று காலை பக்கத்து வீட்டு வங்காளி அண்ணி, நம் கங்கூலி பௌதி சொல்லித்தான் தெரிந்தது. சாந்தினி மார்க்கெட் பல்புக் கடையில் அவள் கணவர் உங்களைப் பார்த்தாராம். கடைக்காரர் ஒவ்வொரு எல்இடியாக எரியவிட, நீங்கள் டிபனைத் திறந்து அதன் கீழே பிடித்து, "இதுவும் வேண்டாம் தாதா, குழம்போட நிறம் வரலை" என்று திருப்பித் திருப்பிக் கொடுத்தீர்களாம். கரண்டும் குறைவாக இழுத்து, மஞ்சளாகவும் எரிவது ஏழாவதாகத்தான் கிடைத்ததாம். அதற்குள் சாப்பாட்டு நேரம் முடிந்துவிட்டதாம்.

இதை என்னிடம் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?

வத்தக்குழம்பு புதிதாக வைத்திருக்கிறேன். அப்பளம் நீல டப்பாவில்.

கோமதி

பி.கு.: ஆளில்லாத அறையில் விளக்கை அணைக்கிற வழக்கத்தை இன்றைக்கு மட்டும் விட்டுவிடுங்கள். அது எரியட்டும். வளைகாப்புச் சாப்பாட்டைத் தொடாமல் வருகிறேன். அந்தப் புது பல்பின் கீழே எனக்கும் ஒரு தட்டு வையுங்கள்.