குழுவிலிருந்து திவ்யாவை நீக்கியது

செவ்வாய், இரவு.

புற்றுநோய் வந்த என் பேத்தி திவ்யாவை, கல்லூரித் தோழிகள் வாட்ஸ்அப் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். இது அநியாயம். அன்றிலிருந்து அவள் போனைக் கவிழ்த்தே வைத்திருக்கிறாள். ஏன் நீக்கினார்கள் என்று தெரியாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. விழுப்புரத்திலிருந்து பஸ் ஏறித் திண்டிவனம் போய், கல்லூரி வாசலில் அவள் தோழி நந்தினியைப் பிடித்தேன்.

"டூர் போட்டோவா போட்டுக்கினு இருந்தோம் தாத்தா. பார்த்தா அழுவாளேன்னு அவளை குரூப்ல இருந்து எடுத்துட்டோம்."

"அவளைக் கேட்டீங்களாம்மா?"

"எப்படிக் கேக்கறதுங்க?" என்று அவளே அழுதாள். திட்டப் போனவன் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

வீட்டில் சொன்னதும் திவ்யா முறைத்தாள். "லூசுங்க. போட்டோ பார்த்தா செத்தா போவேன்? என் மொட்டைத் தலையையும் போடுவேன். ஆமா, நீ மட்டும் என்னைக் கேட்டுக்கினா போன?"

நான் போனது சரிதான். ஆனால் அவளைக் கேட்காமல்தான் போனேன்.

காலையில் நந்தினி அவளைத் திரும்பச் சேர்க்க வேண்டும். அவள் நோயைப் பற்றி என்னிடமே பேசிவரும் டாக்டர் இனி அவளிடம் பேச வேண்டும். அந்த மொட்டைத் தலைப் படத்துக்கு என்ன பதில் வருகிறது என்று திவ்யா எனக்குக் காட்ட வேண்டும். அதையும் நான் அவளைக் கேட்டுத்தான் பார்க்க வேண்டும்.