கிழிந்தது பெரிசுதான்

மார்ச் 3, செவ்வாய், காலை 10.40.
ஆறு கிழட்டு எலி, ஆறு இளசு. இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனி கிழிந்தவை ஐந்து. ஐந்தும் கிழடு.

கிழிந்திருக்கக் கூடாது. வயதான இரத்தக் குழாயில் ஒரு புரதம் அளவுக்கு மீறிச் சேர்ந்து, 'இறுகு, இறுகு' என்று செல்களுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. மருந்து கொடுத்து அதன் வாயை அடைத்தால் குழாய் இளகும். மருந்தால் ஆபத்தென்றால் அது இன்னும் வளர்கிற இளம் குழாய்க்குத்தான். மூன்று வருடமாக எங்கள் ஆய்வகத்தின் வேதம் இது. அடைத்தேன். ஈரத்தாள் மாதிரிக் கிழிந்தது. இளசுகளுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

மார்ச் 4
என் வழிகாட்டி மேடத்திடம் காட்டினேன். சிரித்தார்.
"லேபிள மாத்திட்டப்பா. பெரிசுக்கு 'பெ', பேரனுக்கு 'பே'. உன் கையெழுத்துல அது ஒத்தக் கொம்பா ரெட்டைக் கொம்பான்னு யாருக்குத் தெரியும்?"
சீனியர் அண்ணன் வேறு: "பேரனப் போய் பெரிசாக்கிட்டியேடா, பாவி!"

மாற்றினேனா? இல்லை. ஒருவேளை — இல்லவே இல்லை!

சிரிக்கிற விஷயமா இது? அடுத்த மாதம் மருத்துவமனையில் அறுபது தாண்டியவர்களுக்கு இதே மருந்தைக் கொடுத்துப் பார்க்கப் போகிறார்கள். கிழட்டு எலிக்கு இதுவரை யாரும் கொடுத்துப் பார்த்ததில்லை.

மார்ச் 6
அப்பா போனில்: "எலிக்கு வயசானா உனக்கென்னடா இவ்ளோ கோவம்?"
எலிக்காக இல்லப்பா. உங்க வயசுக்காரங்களுக்காக. 'சாப்பிட்டீங்களா' என்று மட்டும் கேட்டேன்.

மேடம்: "அந்த அஞ்சையும் கணக்குல சேக்காத."
"முடியாது மேடம்."
"என்னது?"
"லேபிள வேணா தூக்கிப் போடுங்க. குழாயத் தூக்கிப் போட மாட்டேன்."
வெளியே போகச் சொன்னார். போனேன்.

மார்ச் 11
பன்னிரண்டு எலிகளின் மிச்சக் குழாய்த் திசுவையும் மெல்லிசாகச் சீவி, சாயமேற்றினேன். இளம் குழாய்ச் சுவரில், இழுத்துவிட்டால் மீளும் நார்கள் அலையலையாக, முழுசாக இருக்கும். வயதானால் அங்கங்கே அறுந்துபோகும். லேபிள்களை மறைத்துவிட்டு, மேடத்தையே நுண்ணோக்கியில் பார்த்து வயது சொல்லச் சொன்னேன்.
"இது கிழடு... இதுவும்... இது இளசு."
அண்ணன் சரிபார்த்தார். பன்னிரண்டும் என் லேபிள்படியே.
"அவன் மாத்தல மேடம்." இந்தத் தடவை மேடம் சிரிக்கவில்லை.
அந்தப் புரதத்தின் பேச்சைக் கேட்டுத்தான் நைந்த சுவர் ஒட்டுப்போட்டுக்கொண்டு நின்றிருக்கிறது போல. அதன் வாயைத்தான் அடைத்திருக்கிறேன்.

மார்ச் 13
மருத்துவமனை அந்த மருந்துச் சோதனையைத் தள்ளிவைத்துவிட்டது. மேடமே பேசினார். எனக்கு நன்றி கிடையாது, வேண்டவும் வேண்டாம். புரதத்தை அடக்குவதுதான் என் ஆய்வேடே. செத்தது. சாகட்டும்.

"வேற ஊர் ஆஸ்பத்திரி ஒண்ணுல இந்த மருந்த ஏற்கெனவே வயசானவங்களுக்குக் குடுத்துட்டு இருக்காங்க. அவங்ககிட்ட இப்பவே வாய விட்டுடாத. முதல்ல கட்டுரை வரட்டும்" என்றார். தலையாட்டவில்லை.

இனி:
1. இதே சோதனை மறுபடியும். பெண் எலிகளையும் சேர்த்து.
2. பாதி அளவு மருந்தில் என்ன ஆகிறது?
3. ஆய்வேட்டுக்குப் புதுத் தலைப்பு.
4. அந்த ஊர் மருத்துவமனைக்குக் கிழிந்த குழாய்களின் எல்லாப் படங்களும். இன்றே. மேடத்துக்கும் ஒரு பிரதி.