மாடியைப் பெயர்க்க ஒரு நாள்

அன்பு மகளுக்கு,

அப்பா எப்போது கீழே இறங்கி வருவார் என்று கேட்டாய். எனக்குத் தெரியவில்லை. போனில் பேசினால் மாடித் தரையின் பலகை இடுக்கு வழியே மேலே கேட்டுவிடும். அதனால் எழுதுகிறேன்.

வேலை போனதிலிருந்து, ஏழு மாதமாக, சாப்பாடு மேலே போகிறது, காலித் தட்டு கீழே வருகிறது. பேச்சு இல்லை. நடந்தால் பலகை கிறீச்சிடுகிறது. சத்தம் நின்றால் நானும் கைவேலையை நிறுத்திவிடுகிறேன்.

உளுத்துப்போன மாடிப் பலகைகளைத் தச்சர் முனிசாமி வந்து பார்த்தார். "எல்லாத்தையும் பேத்துட்டுப் புதுசு போடணும்மா. சார் மேலயே குந்திக்கினு இருந்தா எங்க போடறது, அவர் தலையிலயா?" என்றார்.

நாளை பெருமாள் புறப்பாடு. அதனால் நாளைக்கே வரச் சொன்னேன். பெருமாள் தெருவில் எழுந்தருளும்போது நம் வீட்டில் யாரும் மாடியில் இருப்பதில்லை. எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது, அப்பாவுக்கு உண்டு. அவர் இறங்கியதும் பலகையைப் பெயர்த்துவிட்டால் திரும்ப ஏற முடியாது. வேறு வழி தோன்றவில்லை.

நேற்று எழுதிய கடிதத்தை இன்னும் தபாலில் போடவில்லை. இன்று நடந்தது இது. பெருமாள் வந்தார். அப்பா இறங்கினார். காலையிலேயே வந்து மேலே அளவெடுத்துக்கொண்டிருந்த முனிசாமியும் பின்னாலேயே இறங்கிவந்து கைகூப்பி நின்றார்.

"நீங்க ஏன் வந்தீங்க?"

"சாமி தலைக்கு மேல நான் நிக்கறதாம்மா?"

அதை நான் யோசிக்கவே இல்லை. பெருமாள் தாண்டியதும் அப்பா மாடி ஏறிவிட்டார். சற்று நேரத்தில், "சார், இந்தப் பக்கம் பிடிச்சுக்கினு நில்லுங்க" என்று முனிசாமியின் குரல் கேட்டது.

ஒரு மணிக்கு இருவரும் இறங்கிவந்து கூடத்தில் சாத்தமுது ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டார்கள். மீதிப் பலகை போட அப்பா மறுபடியும் மேலே போனார். போகும்போது, "சாத்தமுதுல உப்பே இல்லை" என்று என்னிடம் சொன்னார்.

அம்மா