படத்தில் இல்லாத வீடு

ஆகஸ்ட் 12, செவ்வாய்

தொல்லியல் துறை அதிகாரி வர்றாருன்னு இன்னைக்கு ஷூ கம்பெனிக்கு லீவு போட்டேன். நவாப் காலத்து இடிஞ்ச மண்டபத்தைச் சீர்படுத்தப் போறாங்களாம். அதை ஒட்டி இருக்கிற எங்க வீட்டைக் காலி பண்ணணுமாம். எங்களுக்குப் பட்டா இல்ல. அவர் கையில ஒரு படம். இருநூறு வருஷத்துக்கு முன்னாடி யாரோ வெள்ளைக்காரர் வரைஞ்சது. உடைஞ்ச குவிமாடம், அதுமேல முளைச்ச அரசமரம், பின்னாடி பாலாறு.

"இதே மாதிரி ஆக்கப்போறோம். இதுல வீடே இல்ல, பாரும்மா."

அம்மா படத்தை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தாங்க. சுவரோரமா அடுப்பு மூட்டிக்கிட்டிருந்த ஒரு பொம்பளையை விரலால தொட்டாங்க.

"அப்போ இவ யாரு சார்?"

"அதுவா? அழகுக்குச் சும்மா போட்டிருப்பாங்க."

அம்மா என்னைப் பார்த்தாங்க. படிச்ச பொண்ணு ஏதாவது கேப்பான்னு நினைச்சிருப்பாங்க. நான், காலி பண்ண சம்மதம்னு அவர் நீட்டின காகிதத்துல கையெழுத்து போட்டுட்டேன்.

அப்புறம் அம்மா என்கிட்ட ஒரு வார்த்தை பேசல. சோறு மட்டும் போட்டாங்க. இப்ப எனக்கு முதுகைக் காட்டிப் படுத்திருக்காங்க. தூங்கலன்னு தெரியுது. கூப்பிடணும். கூப்பிட்டு இன்னா சொல்றது