பூ வைக்காத பூவாடைக்காரி

பெரியம்மா,

உனக்குப் புடவை எடுத்து வந்திருக்கிறார்கள். பண்ருட்டியில் எடுத்தது. மஞ்சள் உடம்பு, அரக்குக் கரை. கடைப் பையைப் பிரித்ததும் கஞ்சி போட்ட புதுத்துணி வாசனை கூடம் முழுக்க ஏறிவிட்டது. நீ இருந்திருந்தால் இரண்டு விரலால் ஓரத்தைத் தூக்கிப் பார்த்து, "யாருக்குடி இந்த சிக்னல் கலரு?" என்று கேட்டிருப்பாய். வெள்ளையும் வெளிர் நீலமும் தவிர வேறு எதையும் பல வருஷமாக உடுத்தாதவள் நீ. உனக்குத்தான் பெரியம்மா. உன்னைச் சாமியாக்கப் போகிறார்கள்.

சிரிக்காதே. அண்ணனுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறது. நம் பக்கத்து வழக்கம் உனக்குத் தெரியாததா? தாலியோடு போய்ச் சேர்ந்தவள் அந்த வீட்டுக்குப் பூவாடைக்காரி. நல்ல காரியத்துக்கு முன்னால் அவளுக்குப் புதுப்புடவை வைத்து, பூவைச் சரம் சரமாகச் சாத்தி, இலையில் சோறும் குழம்பும் வடையும் படைத்து, முன்னால் நின்று நடத்திக் கொடு தாயே என்று விழுந்து கும்பிடுவார்கள். போன வருஷம் நீ போனாய். பெரியப்பா இருக்கிறார். ஆகவே நீதான். அப்பாவும் பெரியப்பாவும் அண்ணன் தம்பி. நீயும் அம்மாவும் அக்கா தங்கை. ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவர்கள். எந்தப் பக்கமாக ஓடினாலும் மாட்டிக்கொள்வாய்.

வெள்ளிக்கிழமை படையல். இன்று சாயங்காலம் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது அம்மா கேட்டாள்: "ஏண்டி, நீதான அதுகூடவே சுத்திகினு இருப்ப. அக்கா இத ஏத்துக்குமா?"

எதைக் கேட்டாலும் என்னிடம் பதில் இருக்கும் என்று இந்த பிளாக் முழுக்கத் தெரியும். இதற்கு இல்லை. கண்ணில் வந்ததற்கு வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அதனால்தான் உனக்கே எழுதுகிறேன்.

நாங்கள் குவார்ட்டர்ஸில், நீ வெளியே கிராமத்தில். அப்பா நிலக்கரி மைன்ஸில் பர்மனென்ட், பெரியப்பா கான்ட்ராக்ட். லீவு விட்டால் சைக்கிளை எடுத்துக்கொண்டு நான் உன் வீட்டில்தான். நீ விசுவாசி, நான் விஷமவாசி. இப்படித்தான் உன் சபை ஆட்களிடம் என்னை நானே அறிமுகப்படுத்திக்கொள்வேன். ஒரு நாள் நீ கண்ணை மூடிக்கொண்டு, "ஆண்டவரே, என்னோடு பேசும்" என்று சத்தமாக ஜெபித்துக்கொண்டிருந்தாய். கதவுக்குப் பின்னால் நின்று குரலைக் கனமாக்கிக்கொண்டு நான் பேசினேன்: "மகளே, உன் டப்பாவில் இருக்கிற முறுக்கை வெளியே நிற்கிற அந்தப் பாலகிக்குக் கொடுப்பாயாக!"

நீ கண்ணைத் திறக்கவே இல்லை. "முறுக்கு தீந்துபோச்சி ஆண்டவரே. அந்தக் கழுத முந்தாநேத்தே தின்னுட்டுது. உமக்குத் தெரியாததா?"

இப்போது யாரும் எனக்கு அப்படித் திருப்பிக் கொடுப்பதில்லை பெரியம்மா. நான் அடிக்கிற பந்து எல்லாம் சுவரைத் தாண்டிப் போய் விழுந்துவிடுகிறது. எடுத்துப் போட ஆள் இல்லை.

எங்கள் வகுப்பு வாட்ஸாப் குரூப்பில் போன வாரம் ஒரு சண்டை. கிறிஸ்தவம் நாட்டுக்கு நல்லது செய்ததா கெட்டது செய்ததா என்று. பள்ளிக்கூடம் கட்டினார்கள், ஆஸ்பத்திரி கட்டினார்கள், குனிந்து நின்றவனை நிமிர்த்தினார்கள் என்று ஒரு கட்சி. குடும்பத்தைப் பிரிக்கிறார்கள், குலசாமியைப் பேய் என்கிறார்கள் என்று இன்னொரு கட்சி. "நீ எந்தக் கட்சிடி?" என்றார்கள். "எவன் மிக்சர் குடுக்கிறானோ அவன் கட்சி" என்று போட்டேன். எல்லாரும் சிரிக்கிற பொம்மை அனுப்பினார்கள். போனைக் கவிழ்த்து வைத்தேன். இரண்டு கட்சிக்காரர்களும் உன்னைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். அது அவர்களுக்குத் தெரியாது.

அண்ணன் வயிற்றில் இருந்தபோது விட்டுப்போன வளைகாப்பை அம்மாவுக்கு என் முறையில்தான் வைத்தார்கள். அன்றைக்கு நான் வயிற்றுக்குள் இருந்தேன். கண்ணால் பார்த்த சாட்சி இல்லை, ஆனால் என்னைவிடப் பக்கத்தில் இருந்த சாட்சி வேறு யாரும் இல்லை. சொந்தத் தங்கச்சி கைக்குப் போட நீ பச்சை வளையல் வாங்கி வந்திருந்தாய். வரிசையில் உன் முறை வந்தபோது அப்பாவின் அக்கா, என் அத்தை, உன் கையைப் பிடித்து ஓரமாகத் தள்ளினாளாம். "நீ வேணாம்மா. புள்ள இல்லாதவ கை. பின்னால போய் அடுப்பப் பாரு." யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அம்மாவும் சொல்லவில்லை. நீ போய் அடுப்பைப் பார்த்தாய்.

அதற்கு அடுத்த வாரம்தான் யாரோ ஒரு சிஸ்டர் உன்னை ஜெபத்துக்குக் கூட்டிப்போனது. பிள்ளை கேட்டுப் போனாய். பிள்ளை வரவில்லை. நீயும் திரும்பி வரவில்லை.

ஏன் வரவில்லை என்று அந்த ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஜெப வீட்டுக்கு உன்கூட வந்த அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. பிறந்து கொஞ்ச நாளே ஆன குழந்தையை ஒருத்தி தூக்கி வந்திருந்தாள். டவுன்ஷிப்பில் பெரிய வேலையில் இருக்கிறவர் வீட்டு மருமகள். நேராக உன்னிடம் வந்தாள். "சிஸ்டர், நீங்கதான் மொதல்ல மடியில வெச்சி ஜெபிக்கணும்." நம் தெருப் பக்கமே வராத ஜனம், நம் வீட்டுத் தண்ணீரைத் தொடாத ஜனம், தன் குழந்தையை உன் மடியில் போட்டது. அந்தப் பொடிசு உன் வெள்ளைப் புடவையை நனைத்துவிட்டது. வீடு வரைக்கும் அந்த ஈரத்தை எல்லாருக்கும் காட்டிக்கொண்டே நடந்தாய். டீக்கடைக்காரரிடம்கூட, "பாருங்கண்ணா, என்னா பண்ணி வெச்சிருக்கான் படுவா!" என்று புகார் சொன்னாய். புகார் சொல்கிற முகமா அது? அவ்வளவு பெருமையை நான் உன் முகத்தில் வேறு எப்போதும் பார்க்கவில்லை.

அன்றைக்கு யாராவது என்னிடம் கேட்டிருந்தால், நல்லதுதான் என்று அடித்துச் சொல்லியிருப்பேன்.

ஆனால் எனக்கு மஞ்சள் நீராட்டு வைத்தபோது அம்மா உன் வீடு தேடி வந்தாளே, அந்த நாளும் இருக்கிறது. நானும் பின்னால் நின்றுகொண்டிருந்தேன்.

"அக்கா, இவளுக்கு நீதான் மொத தண்ணி ஊத்தணும். எவ வந்து என்னா கேட்டாலும் நான் பாத்துக்கறேன்."

"இல்ல பாப்பா. அதெல்லாம் எனக்கு இனிமே கூடாது."

"எனக்காகக் கூடவா?"

"கர்த்தர் மனசு வருத்தப்படும்டி."

"அப்ப எம்மனசு?"

அம்மா திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். வளைகாப்பு அன்றைக்கு வாய் திறக்காதவள், இப்போது உன்னை முன்னால் விடுகிறேன் என்று வந்து நின்றாள். உனக்கு வர முடியவில்லை. அதற்கப்புறம் பொங்கலுக்கும் நீ வருவதில்லை. படைத்த சோற்றைத் தொடமாட்டாய். குலசாமியைப் பிசாசு என்று ஒரு தடவை சொல்லிவிட்டாய். அப்பா சாப்பிட்ட தட்டில் கையைக் கழுவிவிட்டு எழுந்து போனார். உன்னை மடியில் குழந்தையோடு உட்கார வைத்த அதே ஆட்கள்தான் எங்கள் பந்தியிலிருந்து உன்னை எழுப்பிக்கொண்டும் போனார்கள். நல்லதா கெட்டதா என்று கேட்டால், எந்த நாளைக் கேட்கிறாய் என்றுதான் நான் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கும்.

கடைசியாக நீ ஐஸ் பெட்டிக்குள் இருந்த நாள். அம்மா நாலு முழம் கதம்பம் வாங்கி வந்திருந்தாள். சுமங்கலியாகப் போகிற அக்கா தலையில் வைக்க வேண்டும் என்று. சபைக்காரர் ஒருவர் கையைக் குவித்துக்கொண்டு சொன்னார்: "சிஸ்டருக்கு இது பிடிக்காதும்மா. தப்பா நெனைக்காதீங்க." அவர் மரியாதையாகத்தான் சொன்னார். அம்மா சண்டை போடவில்லை. பாட்டு முடிகிற வரைக்கும் பூவைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்று, அப்படியே வீட்டுக்குத் திரும்பக் கொண்டுவந்தாள். அதனால்தான் இப்போது இந்தப் படையலில் இவ்வளவு பிடிவாதம். அன்றைக்கு வைக்க முடியாத பூவையும் சேர்த்து வைத்துவிடலாம் என்று பார்க்கிறாள்.

அத்தைக்கோ வேறு கணக்கு. "நல்ல சாவு செத்தவ. நம்ம கொலத்துக்கே தொண" என்கிறாள். உன்னை அடுப்புக்கு அனுப்பிய அதே வாய். உயிரோடு இருந்தபோது பின்னால் போகச் சொன்னவளுக்கு, செத்த பிறகு நீ முன்னால் நிற்க வேண்டுமாம்.

அன்றைக்கு ராத்திரி இதுவரைக்கும் எழுதி மூடி வைத்துவிட்டேன். மறுநாள் காலையில் அம்மாவிடம் போய்ச் சொன்னேன்.

"ஏத்துக்காதும்மா."

அம்மா மாவைக் கரைத்துக்கொண்டிருந்தாள். கை நின்றது. "நல்லா யோசிச்சிச் சொல்லு."

"யோசிச்சிட்டேன். உசுரோட இருந்தப்ப வேணாம்னு சொன்னத, வாய் இல்லாதப்ப ஊட்டி வுடற மாதிரி இருக்கும்மா."

"அப்ப எம்புள்ள கல்யாணத்துக்கு எங்க அக்கா வராதா?" அம்மா சின்னப்பிள்ளை மாதிரி கேட்டாள்.

"கூப்பிட்டா வரும்."

"கூப்புடறதுன்னா?"

"எல்லாரையும் எப்படிக் கூப்புடற? பத்திரிக வெச்சித்தான?"

அத்தைக்கு விஷயம் போய்ச் சேர்ந்ததும் போனிலேயே ஆடினாள். "செத்தவளுக்குப் பத்திரிகையா? என்னாடி கூத்து இது? இந்தக் குட்டி பேச்சக் கேட்டுகினு ஆடற?" அம்மா போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு மாவை ஊற்ற ஆரம்பித்தாள். படையல் நின்றுவிடவில்லை. அப்பாவுடைய பாட்டி ஒருத்தி பழைய பூவாடைக்காரி இருக்கிறாள் அல்லவா, அந்த சிக்னல் கலர் புடவை அவளுக்கே போய்விட்டது. அவளுக்குப் பிடித்திருக்கும்.

இன்று மத்தியானம் அம்மாவைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு ஸ்கூட்டியில் கல்லறைத் தோட்டத்துக்கு வந்தேன். லைசென்ஸ் எங்கே என்று கேட்காதே, இன்னும் வயசாகவில்லை. அம்மா தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், பத்திரிகை எல்லாம் வைத்து எடுத்து வந்திருந்தாள். தட்டை உன் சிமெண்டு மேட்டின் மேல் வைத்துவிட்டு, பழக்கத்தில் குங்குமச் சிமிழைத் திறந்து விரலைத் தொட்டுவிட்டாள். அப்படியே நின்றாள். அப்புறம் விரலைத் தன் முந்தானையில் துடைத்துக்கொண்டு சிமிழை மூடினாள்.

"அக்கா," என்றாள். "உம்புள்ளைக்குக் கல்யாணம். நீயும் மாமாவும் மொதல் நாளே வந்துடணும். இந்தவாட்டி உன்ன யாரும் பின்னால போவச் சொல்ல மாட்டாங்க. எங்கூட முன்னாடி வந்து நில்லு."

அப்புறம் என்னைப் பார்த்தாள். "அக்கா ஜெபம் சொல்ற மாதிரி நீ ஏதாச்சும் சொல்லுடி."

எனக்கு ஜெபமும் வராது, ஜபமும் வராது, ஜம்பம்தான் வரும் என்று உன்னிடம் பீற்றிக்கொண்டவள் நான். அந்த ஜம்பமும் அங்கே வரவில்லை. பத்திரிகையை எடுத்து முதல் வரியிலிருந்து சத்தமாகப் படித்தேன். நாள், முகூர்த்தம், மண்டபம், தாத்தாக்கள் பெயர், 'தங்கள் நல்வரவை விரும்பும்' வரைக்கும் ஒன்றைக்கூட விடவில்லை. சுற்றிலும் ஒரு குருவிகூட இல்லை. எங்கேயாவது நான் தப்பாகப் படித்தால் நீ உள்ளேயிருந்து ஒரு போடு போடுவாய் என்று நடுவில் இரண்டு இடத்தில் நிறுத்திக்கூடப் பார்த்தேன்.

திரும்பி வரும்போது டவுன்ஷிப் ஆர்ச் கேட் தாண்டியதும் அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "வருமாடி?"

"வரும்மா" என்றேன்.

சொல்லிவிட்டேன். அந்தப் பொறுப்பு இப்போது என் தலையில்தான். கல்யாணத்தன்று மேடையில் அம்மாவுக்கு வலது பக்கம் ஓர் ஆள் நிற்கிற இடத்தை நான் காலியாக வைத்திருக்கப் போகிறேன். போட்டோகிராபர் நெருங்கி நிற்கச் சொன்னாலும் சரி, சம்பந்தி வீட்டார் என்ன நினைத்தாலும் சரி, யாரையும் விடமாட்டேன். அத்தை வந்து நிற்கப் பார்ப்பாள். குதிகால் உயர்ந்த செருப்பு வாங்கித் தரச் சொல்லியிருக்கிறேன். அவள் காலை நன்றாக ஒரு மிதி மிதித்துவிட்டு, "அய்யய்யோ அத்த, பாக்கவே இல்ல!" என்பேன்.

நீ நேரத்துக்கு வந்துவிடு பெரியம்மா. வெள்ளைப் புடவையிலேயே வா.